தொரையும் கொண்டைக்குருவியும்

கணேசமூர்த்தி வீட்டு இஸ்தோப்பில் விளக்குப் போட்டு வெகுநாளாகிவிட்டது. பல்பு எரிந்துபோகவில்லை, கரண்டுக்காரன் வந்து வயரை வெட்டவும் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கூடத்தில், பல்பு தொங்குகிற வயரின் மேலேயே ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரன் பேச்சு அங்கே எடுபடுமா? சுவிட்சைப் போட்டால் சூட்டில் முட்டை கெட்டுப்போகும். ஜன்னலைச் சாத்தினால் தாய்க்குருவிக்கு வழியில்லை. சிங்கள வீடு, தமிழ் வீடு என்ற வித்தியாசமில்லாமல் மலைநாட்டில் குருவிக்கு இந்த மரியாதை உண்டு. குருவி வந்தால் பின்னாலேயே நல்லது வரும் என்று எல்லாரும் பொறுத்துக்கொள்வார்கள். கணேசமூர்த்தியும் பொறுத்துக்கொண்டார். இருட்டில் தடவித் தடவிச் செருப்பைத் தேடி, கால் கட்டைவிரலை மேசையில் இடித்துக்கொண்டு, "அம்மாடியோ" என்பதைக்கூட வாய்க்குள்ளேயே சொன்னார்.

அவர் இடித்துக்கொண்ட மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் இருந்தவர் பெயர் தொரை. ஹட்டனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜூட்சன் அதை அக்சலோட்டல் என்று சொன்னான்; சலமந்தர் சாதி, தண்ணீரை விட்டு வெளியே வராது, பூர்வீகம் மெக்சிகோ. கணேசமூர்த்தியின் மகன் லோஜன் அவ்வளவு பெரிய பெயரை ஏற்கவில்லை. வெள்ளையும் ரோசாவும் கலந்த தோல், காதோரம் விசிறி மாதிரி விரிந்த செவுள்கள், குட்டிக் குட்டியாய் நாலு கால், நாள் பூராவும் அசையாமல் கிடந்தாலும் சாப்பாடு வாய்க்கே வந்து சேர வேண்டும். "தோட்டத்துத் தொரை மாதிரி இருக்கு" என்றான். அன்றிலிருந்து அது தொரை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு இதைக் கேட்டு, "பேரு சரிதான்டா. ஆனா இந்தத் தொரை ஒருத்தரையும் ஏசாது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

கணேசமூர்த்திக்குக் குருவியைப் பிடித்தது, தொரையைப் பிடிக்கவில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வாலிபம் முழுக்க உழைத்து ஓய்ந்த மனுஷன். உழைக்கிற சீவனைக் கண்டால்தான் அவருக்கு மனசு நிறையும். குருவி விடியுமுன்னே எழும்பி, கொண்டையைச் சிலிர்த்து, லயம் முழுக்கக் கேட்கப் பாடும். பாடி முடித்த வாயோடு புழு தேடப் போகும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் போவதும் வருவதுமாய் ஒரு நிமிஷம் ஓய்வில்லை. முட்டையிலிருந்து தோலும் சதையுமாய் வெளியே வந்த குஞ்சுகளுக்குக் கண்ணெதிரே வால் முளைத்தது, தலையில் கொஞ்சூண்டு கொண்டையும் முளைத்தது. தொரையோ, வந்த நாளில் விரலளவு இருந்து இப்போது சாணளவு ஆகியும் முகத்தில் ஒரு மாற்றமில்லை. அதே குழந்தைச் சிரிப்பு, அதே செவுள், வாயைத் திறந்து ஒரு சத்தம் கிடையாது. "இது எப்படா பெருசாகும்?" என்று அவர் கேட்பார். "பெருசாயிருச்சுப்பா" என்பான் லோஜன். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

லோஜன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். மீசை முளைத்த ஆள்தான், ஆனாலும் லயத்தில் எல்லாருக்கும் அவன் "தம்பிப்பாப்பா". பேச்சு கொஞ்சம் தடிக்கும், ஒரு வசனத்தை முடிக்க நேரமெடுப்பான். அடுப்பு மூட்டுவான், தேத்தண்ணி ஊற்றுவான், கோயிலைக் கூட்டுவான், தொரைக்குத் தினம் மண்புழு தோண்டி வருவான். இத்தனையும் செய்கிறவனுக்கு அவனுடைய அப்பா இன்னும் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

சுலக்ஷனா அவனுக்கு மூத்தவள். அவள் வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பைப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் குடம் நிரம்பாது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ராவெல்லாம் படித்து, கொழும்பில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டாள். மூன்று வருஷம் அங்கேயே தங்க வேண்டும். செய்தி வந்த அன்று அம்மாக்கண்ணு கற்கண்டு கொடுத்தாள், கோயில் ஐயர் மாலை போட்டார். சுலக்ஷனா மட்டும், "பாப்போம் அத்த, இன்னும் முடிவெடுக்கல" என்றாள். ஓயாத வாய் அந்த விஷயத்தில் மட்டும் ஓய்ந்துவிட்டது.

அவள் எதற்காகத் தயங்குகிறாள் என்று கணேசமூர்த்திக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவர் நினைத்தார். தம்பியை விட்டுவிட்டுப் போக மனசில்லை, வேறென்ன? "போயிட்டு வாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை போய்விடும். அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டவில்லை. மனைவி செத்து ஆறு வருஷம். தனக்கும் பிரஷர். தன் காலத்துக்குப் பிறகு லோஜனுக்கு யார்? கொழும்புக்குப் போன பிள்ளை அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம் என்று இருந்துவிட்டால்? போக வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம், போ என்று சொல்லவும் பயம். அப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளாகவே நின்றுவிடுவாள் என்று மனசின் ஒரு மூலையில் நம்பினார். அந்த மூலையை நினைத்து அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

இந்தக் குழப்பத்தில்தான் அவருக்கு அந்தக் கோளாறான யோசனை வந்தது. சின்ன வயதில் ஓடையில் தவளைக்குஞ்சு பிடித்தவர் அவர். வாலும் செவுளுமாய் நீந்துகிற குஞ்சு, தண்ணீர் வற்ற வற்றக் கால் முளைத்து, வால் சுருங்கி, ஒருநாள் கல்லில் ஏறி உட்கார்ந்துவிடும். தொரைக்கும் செவுள் இருக்கிறது, வால் இருக்கிறது. அப்படியானால் தொரையும் குஞ்சுதான். தொட்டி நிறையத் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு கரையேறு என்றால் எது ஏறும்? அதோடு விட்டாரா? மனசுக்குள் முருகனிடம் ஒரு ஒப்பந்தமும் போட்டுவிட்டார். இது வளர்ந்து கரையேறிவிட்டால் என் பிள்ளையும் ஒருநாள் வளர்ந்து நிற்பான் என்று எடுத்துக்கொள்கிறேன், மகளைச் சந்தோஷமாக அனுப்பிவைக்கிறேன். இப்படி ஒரு நேர்த்திக்கடனை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

அடுத்த நாள் காலையே வேலை தொடங்கியது. லோஜன் கோயிலுக்குப் போன பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை அள்ளிக் கீரைப் பாத்தியில் ஊற்றினார். மறுநாளும் ஒரு சொம்பு. ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து வந்து தொட்டிக்குள் வைத்தார். தொரை அந்தக் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்பா, தண்ணி காணாது" என்றான் லோஜன்.

"காணும்டா. அது மேல ஏறிப் பழகட்டும். எத்தன நாளைக்குக் குஞ்சாவே இருக்கும்?"

"அது குஞ்சு இல்ல."

"ஒனக்கு என்னா தெரியும், சும்மா இரு."

லோஜன் சும்மா இருக்கவில்லை. பைப்படியிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினான். அவன் ஊற்றுவதும் அவர் அள்ளுவதுமாய் வீட்டுக்குள் ஒரு சத்தமில்லாத சண்டை நடந்தது. இரண்டு நாள் லோஜனுக்குத் தடிமன் காய்ச்சல். அவன் படுத்துவிட்டான். இதுதான் சமயம் என்று கணேசமூர்த்தி ஒரேயடியாய்த் தண்ணீரைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கிவிட்டார். தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்தால் கனியுமா என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் அவருடையது.

அது ஒரு சனிக்கிழமை. சுலக்ஷனா பிள்ளை மடுவத்தில் கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டாள். கணேசமூர்த்தி வெற்றிலை போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் இருந்தபோது, மேலேயிருந்து ஒன்று பொத்தென்று காலடியில் விழுந்தது. குருவிக் குஞ்சு. கூட்டிலிருந்து குதித்திருக்கிறது. இறக்கை சரியாகக் கூட வளரவில்லை, வால் அரைவிரல்கூட இல்லை.

"அட கூறுகெட்டதே! இதுக்குள்ள எங்க போகப் போற?" என்று அதை அள்ளி, நாற்காலி மேல் ஏறி, பழையபடி கூட்டில் வைத்தார். அவர் இறங்குவதற்குள் அது திரும்பவும் குதித்தது. மறுபடி வைத்தார். மறுபடி குதித்தது. தாய்க்குருவி ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தது. "ஒம் புள்ளையத்தான் காப்பாத்துறேன், என்னையே ஏசுறியா?" என்று அதோடும் மல்லுக்கு நின்றார். வெளியே அம்மாக்கண்ணுவின் பூனை வேறு படுத்திருந்தது. கடைசியில் கொழுந்துக் கூடை ஒன்றை எடுத்து, குஞ்சின் மேல் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்தார். இனி எங்கேயும் போகாது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அப்போதுதான் லோஜன் எழும்பி வந்தான். கூடையைப் பார்க்கவில்லை, நேராகத் தொட்டியைப் பார்த்தான்.

"அப்பா. தொரைக்கு முடியல."

கணேசமூர்த்தி குனிந்து பார்த்தார். தொரை கல்லின் மேல்தான் கிடந்தது. கரையேறிய மாதிரி இல்லை, ஒதுங்கிக் கிடந்த மாதிரி இருந்தது. விசிறியாய் விரிந்திருந்த செவுள்கள் சுருங்கி முன்பக்கம் மடிந்திருந்தன. வால் நுனி சுருண்டு, வெள்ளைத் தோலில் சிவப்புச் சிவப்பாய்த் திட்டு. லோஜன் அழுவான், கத்துவான் என்று பயந்தார். அவன் இரண்டையும் செய்யவில்லை. வாளி எடுத்தான், பைப்படித் தண்ணீர் பிடித்தான், இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு தொரையைப் பதனமாய்த் தூக்கி உள்ளே விட்டான்.

"ஜூட்சன் அண்ணகிட்ட போவோம். நீங்க செருப்புப் போடுங்க" என்றான்.

ஹட்டன் பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். முன்சீட்டில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, மீனா?" என்றாள். "தொரை" என்றான் லோஜன். "தொரையவே வாளியில போட்டுட்டியா, கெட்டிக்காரன்தான்" என்று பஸ்ஸே சிரித்தது. கணேசமூர்த்தியால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வாளித் தண்ணீர் தளும்பியபோது அவர் கை தன்னால் போய் அதைப் பிடித்தது.

ஜூட்சன் கடையில் கூட்டமில்லை. அவன் கணேசமூர்த்திக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டான். பேசியது முழுக்க லோஜனோடுதான்.

"எப்பலருந்து இப்படி?"

"முந்தாநாள் நல்லா இருந்துச்சி. நான் காய்ச்சல்."

"சாப்பிட்டுச்சா?"

"முந்தாநாள் ஒரு புழு."

"தோலெல்லாம் காஞ்சிருக்கே. தண்ணி எப்படிக் கொறஞ்சிச்சி?"

லோஜன் வாளிக்குள் பார்த்தான். பிறகு, "நான் பாக்கல. என் தப்பு" என்றான்.

ஸ்டூலில் இருந்த கணேசமூர்த்தி நிமிர்ந்து மகனைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். அப்பாவை ஊரான் முன்னால் தலைகுனிய விடக் கூடாது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, அசையாமல் நிற்கிறான். எந்தக் குழந்தை இப்படிச் செய்யும்?

"அவன் இல்ல தம்பி. நாந்தான் எறைச்சேன்" என்றார் கணேசமூர்த்தி. "தவளைக்குஞ்சு மாதிரி வளந்து கரையேறும்னு நெனச்சேன்."

ஜூட்சன் சிரிக்கவில்லை. வாளியை வெளிச்சத்துக்கு நகர்த்தினான். "இது குஞ்சு இல்லண்ணே. வளந்து முடிஞ்ச ஆளு. இதோட சாதியே இப்படித்தான், செவுளோட, வாலோட, தண்ணிக்குள்ளயே பெரியாளாகும். சோடி சேரும், முட்ட போடும், பத்து வருஷத்துக்கு மேலயும் இருக்கும். கரையேறாததால கொறன்னு ஒண்ணும் இல்ல. நாமதான் தவளையப் பாத்துட்டு இதப் பாக்குறோம்."

"பொழச்சிக்குமா?"

"லோஜன் உடனே கொண்டுவந்துட்டான்ல. குளுந்த தண்ணி, தொட்டி நெறைய ஊத்தணும், கல்லத் தூக்கிரணும். ரெண்டு மூணு நாள்ல செவுள் விரிஞ்சிரும்." பிறகு லோஜனிடம் திரும்பி, "வெளங்குச்சா?" என்றான்.

"வெளங்குச்சி. அப்பாவுக்கும் சொல்லிக்குடுக்கிறேன்" என்றான் லோஜன்.

கணேசமூர்த்தி தன் மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் பார்க்கிற முகம்தான். கன்னத்தில் சவரம் செய்யாத மயிர், தோளில் நனைந்த துண்டு, வாளியைப் பிடித்த தடித்த விரல்கள். தண்ணீரைச் சிந்தாமல் இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஆள். இத்தனை வருஷமாய் இவன் எப்போது வளருவான், எப்போது வளருவான் என்று காத்திருந்ததில், வளர்ந்து எதிரே நின்றவனை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

திரும்பி வரும் பஸ் பாதி வழி வந்திருக்கும். "ஐயோ, கூடை!" என்று கத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கொழுந்துக் கூடையைத் தவறவிட்டுவிட்டார் போலும் என்று சீட்டுக்கடியில் தேடினார்கள். அவர் என்னவென்று சொல்வார்? காலையிலிருந்து தீனி இல்லை, தண்ணீர் இல்லை, மேலே கல் வேறு. கரையேற்றுகிறேன் என்று ஒன்றைத் தண்ணீரிலிருந்து இழுத்தார், காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றைக் கூடைக்குள் அடைத்தார். ஒரே நாளில் இரண்டு உயிருக்குப் பதில் சொல்ல வேண்டுமே முருகா என்று வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

லயத்துக்கு ஏறும் படியில் மூச்சு வாங்க ஓடினார். இஸ்தோப்பில் கூடை மல்லாந்து கிடந்தது. குஞ்சைக் காணோம். "பூன தின்னுருச்சு" என்று அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பூனையும் திங்கல. அங்க பாருங்க" என்றாள் சுலக்ஷனா. அவள் வீட்டோரத்துச் செம்பருத்தி வேலியைக் காட்டினாள். கிளைக்குள்ளே குஞ்சு உட்கார்ந்திருந்தது, வாய் மட்டும் தெரிந்தது. தாய்க்குருவி அதில் எதையோ திணித்துவிட்டு, மேல்கிளைக்குப் போய்ப் பாட ஆரம்பித்தது. "நான் வந்து கூடையத் தூக்கினேன். ஒரே தாவு. பறக்கத் தெரியாட்டியும் வெளிய வந்துதான்ப்பா அதுங்க பறக்கப் பழகும். தாய்தான் கூடவே இருக்குதே. நீங்க எதுக்குக் கல்லெல்லாம் வச்சீங்க?"

கணேசமூர்த்தி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே லோஜன் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் தாண்டாத அந்த வார்த்தை அப்போது வெளியே வந்தது.

"நீ கொழும்புக்குப் போம்மா" என்றார். "தம்பிய நெனச்சி நிக்காத. அவன் இருந்துக்குவான். எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சி."

சுலக்ஷனா சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டாள். "தம்பிய நெனச்சி யாருப்பா நின்னா?"

"பின்ன?"

"ஒங்களத்தான்ப்பா நெனச்சேன். அம்மா போனதுலருந்து நீங்க ஒரு நேரம் தனியா சாப்பிட்டிருக்கீங்களா? நான் ஒருநாள் பிந்தி வந்தா ரோட்டுல வந்து நிக்கிறீங்க. நான் போறேன்னு ஒங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றது? தம்பிதான் தெனமும் போ போன்னு என்னய வெரட்டுறான்."

அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தொரையின் செவுள் திரும்ப விரிந்த வாரத்தில் சுலக்ஷனா புறப்பட்டாள். ஹட்டன் ஸ்டேஷனில் பனிமூட்டம். கொழும்புக் கோச்சி வந்தது, பெட்டியை ஏற்றினார்கள், ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. அவள் கையை நீட்டி அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். "அப்பாவோட பிரஷர் மாத்திர, காலையில ஒண்ணு, ராவுல ஒண்ணு. மறந்தா ஏசு" என்று தம்பியிடம் சொன்னாள். லோஜன் பெரிய மனுஷத்தனமாய்த் தலையாட்டினான்.

கோச்சி நகர்ந்தது. மகள் முகம் போய், கை போய், கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. கணேசமூர்த்தி அப்போதுதான் அழத் தொடங்கினார். ஸ்டேஷன் என்றும் பார்க்கவில்லை, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. தோளெல்லாம் குலுங்க அழுதார். லோஜன் அவசரப்படுத்தவில்லை. அவர் அழுது முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றான். பிறகு தன் தோள் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டான்.

"பயப்படாதீங்கப்பா" என்றான், ஒவ்வொரு வார்த்தையாய். "அக்காட்ட நான் சொல்லிட்டேன். நான் வீட்டுலயே இருக்கேன். ஒங்கள நான் பாத்துக்குவேன்னு."

வெளியே ரோட்டில் லொறியும் பஸ்ஸுமாய் நெரிசல். லோஜன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். கணேசமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.